ஒரு முஷ்டி இடைவெளி

எங்கள் குடும்பத்தில் என் உடல் எடையால் பயன் கண்ட ஒரே மனிதர் தாய்மாமாதான். மற்றவர்களுக்கு அது சோற்றுப் பானையின் துக்கம். மாமாவுக்கோ அது ஓர் உதிரிப்பாகம்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் இருந்த தேயிலைத் தோட்டத்துக் கடைகளுக்கு அரிசி, மாவு மூட்டைகள் ஏற்றிப்போகும் பழைய ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. பாரம் ஏறினால் அதன் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். முன்சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி தன்பாட்டில் நேரே போகும். வளைவுக்கு வளைவு பள்ளம் காத்திருக்கிற மலையில் இது நல்ல குணமல்ல. ஆகவே பள்ளி விடுமுறைகளில் முன் சீட்டில் நான் ஏற்றப்பட்டேன். "ஏறு, நீதான்டா வண்டிக்கு மூக்கு" என்பார். மருமகன்மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

புறப்படுமுன் மாமா பின்சக்கரத்தருகே குந்துவார். அச்சுக்கும், அதற்கு மேலே சட்டத்தில் இருக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே முஷ்டியை நுழைத்துப் பார்ப்பார். முஷ்டி போனால் போகலாம். போகாவிட்டால் மூட்டையை முன்னுக்குத் தள்ளவேண்டும், அல்லது இறக்கவேண்டும். இதைத் தவிர வேறு சகுனம் பார்க்காதவர். யாராவது பேய்க்கதை தொடங்கினால், அதுக்கு எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டுக் கதையைக் கெடுப்பார்.

அன்று மூட்டைகளை ஏற்றியபின் வண்டி ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போனது. மாமா மூட்டை போடும் கடையொன்றுக்கு வந்துபோகும் தோட்டத்துக்காரர் ஒருவர் அங்கே நின்றார். கேட்ட வண்டிக்காரர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்களாம். பொழுது சாய்வதற்குள் மனைவியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று மாமாவைக் கும்பிட்டார். புதுப் பாயில் சுற்றி அவளைத் தூக்கிவந்து, மூட்டைகளுக்குப் பின்னால் நீட்டிப் படுக்கவைத்தார்கள். முகமும் மூடியிருந்தது. சுகமில்லாத அக்கா தூங்குகிறாள், பனி படக்கூடாது என்றார் மாமா. இவள் அரிசியோடு வந்தாள் என்று தெரிந்தால் ஒரு கடைக்காரனும் மூட்டையைத் தொடமாட்டான் என்று அந்த மனிதரிடம் முணுமுணுத்தார். எனக்கு விளங்கவில்லை. தூங்குகிறவள் அரிசியையா தின்னப்போகிறாள்?

ரத்தோட்டையைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் மூடுபனி இறங்கியது. பகலிலேயே விளக்கைப் போட்டார் மாமா. பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு மரக்கிளைகளைத் தேடிக்கொண்டிருந்தது. பின்னால் அந்த மனிதர் பாயின்மேல் கையை வைத்தபடி, ஒவ்வொரு வளைவையும் மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல கணவர் என்று நினைத்தேன். என் அப்பா அம்மாவிடம் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

ஒரு வளைவில் வண்டி திரும்பவில்லை. மாமா ஒடித்த பக்கத்தை மதிக்காமல் பள்ளத்தின் விளிம்புவரை போய் நின்றது. இறங்கி முஷ்டியை வைத்துப் பார்த்தார். போகவில்லை. மூட்டைகளை முன்னுக்கு இழுத்தார்கள், அந்த அக்காவையும் நகர்த்தினார்கள். அவள் தலை என் சீட்டின் முதுகோடு வந்து ஒட்டியது. மறுபடி முஷ்டி. போகவில்லை. வாகன நிபுணன் என்ற முறையில் நான் வாயைத் திறந்தேன்.

"அந்த அக்காவ எழுப்பி நடக்கச் சொன்னா வண்டி தூக்கிரும் மாமா."

மாமா என்னைப் பார்க்கவில்லை. அந்த மனிதர்தான் பார்த்தார். கோபம் இல்லை.

"அவ நடந்தது போதும் தம்பி" என்றார்.

மாமா மாவு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சாலையோரம் அடுக்கி, பனி படாமல் படங்குத் துணியால் மூடினார். அந்த மனிதரும் இறங்கிக்கொண்டார். வண்டி ஊர்ந்தது. மூடுபனியில் அவர் உருவம் மறைந்துபோய், குரல் மட்டும் எங்களைத் தொடர்ந்து வந்தது. "வளைவு வருது. பயப்படாத. வா." எனக்குத்தான் சொல்கிறார் என்று ஒவ்வொரு முறையும் "சரி" என்றேன். மாமா என் தொடையைக் கிள்ளும்வரை சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. தோட்டத்து லய வீட்டு வாசலில் இரண்டு சின்னப் பிள்ளைகள் நின்றார்கள். பாயைத் தூக்கி இறக்கியதும் பெண்கள் சத்தமிட்டு அழுதார்கள். பிந்தி வந்ததற்காக என்று நினைத்தேன். அந்த மனிதர் வண்டியின் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். அரிசியையும் மாமா இறக்கி அங்கேயே கொடுத்துவிட்டிருந்தார். பின்னால் மூட்டை ஏற்றும் தட்டு காலி.

முதல் வளைவில் 'டொக்' என்று சத்தம் கேட்டது. ரப்பர் கட்டை அச்சில் இடிக்கும் சத்தம், எனக்கு நன்றாகத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு வெளிச்சம் மறுபடி மரக்கிளையில் இருந்தது.

மாமா நிறுத்தினார். குந்தி முஷ்டியை வைத்தார். போகவில்லை. காலியான தட்டைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார். பஸ்ஸில் வயதானவர்கள் இறங்கும்போது கண்டக்டர் வழிவிட்டு நிற்பாரே, அப்படி.

"மேல போம்மா" என்றார் மெதுவாக. "புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குங்க."

மூடுபனிக்குள் கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி முஷ்டியை வைத்தார். போனது.

ஏறி உட்கார்ந்தவரிடம் யாரோடு பேசினார் என்று கேட்டேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "ஸ்பிரிங்கோடதான்" என்றார். "பாரம் எறங்கினது அதுக்கு ஒடனே தெரியாது. சொல்லணும்."

சாலையோர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்த மாவை மாமா எந்தக் கடைக்கும் கொடுக்கவில்லை. வெகுநாள் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் ரொட்டி. வண்டியின் மூக்கு மேலும் பருத்தது. ஸ்பிரிங்கிடம் எப்படிப் பேசவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பலருக்கு விளக்கினேன்.

அன்று வீடு வந்ததும் அம்மா எங்களை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி இருவர் தலையிலும் தண்ணீர் ஊற்றினாள். சேற்றுக்கு என்று நினைத்தேன். வண்டியையும் கழுவச் சொன்னாள். மாமா வாளியோடு போனார். பின்கதவைத் திறந்தார். திறந்தவர் கழுவத் தொடங்கவில்லை, ஈரத் தலையோடு ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டே இருந்தார். ஸ்பிரிங்குக்கு இன்னும் தெரியவில்லைபோலும் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிடப் போனேன்.