மிரேவின் பதிவாகாத கல்யாணம்

கொரியாவின் சுன்சோன் நகரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ப்யோ மிரேவிடம் திட்டு வாங்கியவர்கள். பதினோரு வருடமாகப் பயிற்சிப் பள்ளிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்தே அவள் கெண்டைக்கால் இரும்பாகிப்போனது. டாக்டர், பாதிரியார், போலீஸ்காரர் யாராக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். "கண்ணாடில உங்க மூஞ்சியப் பார்க்காதீங்க, பின்னாடி வர்ற லாரியப் பாருங்க!" என்பாள். அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் ஒருவன் இன்தே, குடிநீர் அலுவலகத்தில் வேலை. நான்கு முறை தேர்வில் தோற்று, ஐந்தாம் முறை ஜெயித்த கையோடு அவளையே கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான்.

மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டி, படம் எடுத்து அமர்க்களமாகத்தான் கல்யாணம் நடந்தது. பதிவு மட்டும் செய்யவில்லை. நம் ஊரில் எல்லோரும் காட்டும் அதே புத்திசாலித்தனம்தான். பதிவு செய்த நாளிலிருந்துதான் புதுமணத் தம்பதிக்கான அரசு வீட்டுச் சலுகைக் காலம் ஓட ஆரம்பிக்கும். ஆகவே நல்ல அடுக்குமாடி வீடு ஒன்று குலுக்கலுக்கு வரட்டும், அப்போது பதிந்துகொள்ளலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டார்கள். வீடும் வரவில்லை.

இந்த ஜூலையில் இன்தே பொதுக் குளியலறையில் யாரோ விட்டுப்போன சோப்பை மிதித்து வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டான். மூன்றாம் நாள் கண் திறந்ததும் அம்மாவை அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து, "நர்ஸ், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான். கடைசி மூன்று வருட ஞாபகம் சுத்தமாக அழிந்துவிட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"அய்யோ, அப்படியே டிவி தொடர்ல வர்ற மாதிரி இருக்கே! கடைசி எபிசோட்ல எல்லாம் ஞாபகம் வந்துடும், பாரேன்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. மிரேவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தொடரில் வருகிறவள் பழைய ஆல்பத்தை வைத்துக்கொண்டு அழுவாள். மிரே அழவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில் இன்தே கார்ச் சாவியை வாங்கி, நெருக்கடியான இடத்திலிருந்து ஒரே வீச்சில் பின்னால் எடுத்தான். மாமியார் ஓக்சிம் கைதட்டினாள்.

"வண்டி ஞாபகம் இருக்கு, சொல்லிக்கொடுத்தவ ஞாபகம் இல்ல. என்ன மண்டைடா உனக்கு!" என்று கதவை அறைந்து சாத்தினாள் மிரே.

தேறும்வரை அவன் தெற்கே குரே என்ற ஊரில் அம்மா வீட்டில் இருந்தான். சனிக்கிழமைதோறும் மிரே கூட்டு, பொரியல் எல்லாம் டப்பாவில் கட்டிக்கொண்டு போனாள். அவன் எழுந்து நின்று குனிந்து, "வாங்க, உட்காருங்க," என்பான், இன்சூரன்ஸ்காரியை வரவேற்பது போல.

சுசோக் அறுவடைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் மாமியார் போன் செய்தாள். "பண்டிகைக்கு நீ வர வேணாம்மா. கெட்ட எண்ணத்துல சொல்லல. பதிவு ஆகலயே, உன் பேர்ல ஒரு கறையும் இல்ல. உனக்கு முப்பத்தாறுதான். உன்னத் தெரியாதவன்கிட்ட ஏன் மாட்டிக்கிட்டுக் கிடக்கணும்? போயிடு, நல்லாயிரு."

முன்னோர் படையலுக்கு நாள் முழுக்க அடுப்படியில் குந்தி அடை சுட வேண்டாம் என்று மாமியாரே சொன்னால், இந்த நாட்டு மருமகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் குதித்துக் கூத்தாடுவார்கள். மிரே பண்டிகைக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கே போய், மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டி, இரும்புச் சட்டியின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வர வேணாம்னு சொன்னேனே?"

"கேட்டுச்சு அத்தை. பூசணிக்காய நறுக்கியாச்சா?"

மீனையும் பூசணியையும் மாவிலும் முட்டையிலும் தோய்த்துச் சுட்டுத் தள்ளினாள். சின்ன மாமியார் ஒருத்தி கழுத்தை நீட்டி, "இப்ப நீ எந்த உறவுல இங்க உட்கார்ந்திருக்க?" என்றாள்.

"எண்ணெய் சட்டி உறவு. தட்ட இப்படித் தள்ளுங்க."

மத்தியானம் இன்தே ஒரு காகிதத்தோடு வந்து எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான். திருமணப் பதிவுப் படிவம். தன் பக்கத்தை நிரப்பியிருந்தான்.

"எல்லாரும் நீங்க என் மனைவின்னு சொல்றாங்க. மூணு நாள் தூங்காம இருந்தீங்களாம். இதுல கையெழுத்துப் போடலன்னா நான் மனுஷனே இல்ல."

இரண்டு மாதமாக அவள் வேண்டி நின்றது இந்தக் காகிதம்தான். கை நீட்டினால் போதும். ஆனால் அவளுக்குக் கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் சொல்றாங்கன்னா எல்லாரையும் கட்டிக்கோ! நன்றிக்கு ஒரு கூடை ஆப்பிள் குடு, போதும்." காகிதத்தைக் கசக்கி அவன் மடியில் போட்டுவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னடி இது! நான் போன்னா வர்ற, அவன் இருன்னா போற!" என்று கத்தினாள் ஓக்சிம்.

"விரட்டினா போக மாட்டேன் அத்தை. பாவம் பார்த்தா இருக்க மாட்டேன்."

காரின் கதவைத் திறக்கும்போது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. இன்தே, வெறுங்காலோடு.

"எனக்குப் பழசு எதுவும் வரல. வரும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சனிக்கிழமைன்னா விடிஞ்சதுலேர்ந்து வாசலயே பார்த்துக்கிட்டு இருக்கேன். போன வாரம் நீங்க ஒரு மணி நேரம் லேட்டு. இவங்க யாரு, வரலன்னா எனக்கு ஏன் சோறு இறங்கலன்னு எனக்கே கோபம் வந்துச்சு." மூச்சு வாங்கியது அவனுக்கு. "அத சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் நன்றி அது இதுன்னு உளறிட்டேன்."

மிரேவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, ஆஸ்பத்திரியில் வராத அழுகை. துடைத்துக்கொள்ளவில்லை. கசங்கிய படிவத்தை அவன் கையிலிருந்து பிடுங்கி, காரின் பானெட்மேல் வைத்து நீவினாள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். யாரும் கேட்காமலே ஓக்சிம் உள்ளே போய், கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கும் தன் பெயர் முத்திரையை எடுத்து வந்து ஓங்கிக் குத்தினாள். சின்ன மாமியாரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து கையெழுத்துப் போடவைத்தாள்.

மிரே கடைசியாகப் போட்டாள். போட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அந்தப் பழைய கல்யாணத்துக்கு இல்ல. அது எனக்கு மட்டும் தெரிஞ்ச கல்யாணம், அத நானே வச்சுக்கிறேன். இது, உனக்குச் சோறு இறங்காமப் போச்சே, அதுக்கு."