மருமகளுக்கு வந்த வீணை

அண்ணன் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள். மனம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தார். பத்து வயதில் பெற்றோருடன் கப்பலேறி இந்தியா வந்தார். அப்போது நான் கைக்குழந்தை. பிறகு அந்தமானில் ஹட் பே தீவின் பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தார். சுனாமியில் அவர் வீடு போனது, உயிர்கள் தப்பின. தோட்ட வேலையும் நின்றபின், தகரக் கொட்டகையில் இருந்தபடி சைக்கிளில் காய்கறி விற்றார்.

சுனாமி வந்த வாரம்தான் என் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தோம். நடக்கவில்லை. தாய்மாமன் சீர் செய்ய முடியாமல் போனதை நான் மறந்துவிட்டேன். அண்ணன் மறக்கவில்லை.

மகள் சென்னைக்கு வீணை படிக்கப் போனாள். கல்லூரி வீணையை விடுதிக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள். எங்களிடம் சொல்லாமல் தஞ்சாவூரில் ஒரு வீணைக்கு முன்பணம் கட்டி, சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தும், காலைச் சாப்பாட்டை நிறுத்தியும் மாதாமாதம் தவணை அனுப்பியிருக்கிறாள். வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படிப்பே வேண்டாம், வந்துவிடு என்று போனில் சொன்னேன். அவள் மாமாவிடம் அழுதிருக்கிறாள்.

பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கச் சேர்த்திருந்ததை எடுத்துக்கொண்டு அண்ணன் சென்னைக்குக் கப்பலேறினார். மீதியைக் கட்டினார். வீணையை அங்கேயே அவளிடம் கொடுத்திருக்கலாம். சீர் என்றால் வீட்டு வாசலில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று, விடுமுறைக்கு வந்த அவளோடு அதையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். லீவு முடிந்தால் அது திரும்பவும் சென்னைக்கே போக வேண்டும். கப்பலில் தன் பெர்த்தில் வீணையைக் கிடத்திக் கம்பளி போர்த்திவிட்டு, மூன்று நாளும் தரையில் படுத்து வந்திருக்கிறார். எதிர் பெர்த் பெங்காலிக்காரர், படுத்திருப்பது நோயாளியா என்று விசாரித்தாராம்.

"நஹி தாதா, மருமகளோட சீரு. தோடா லேட் ஹோகயா" என்றாராம் அண்ணன். கொஞ்சம் தாமதமாகிவிட்டதாம்.

போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்கள் வாசலில் எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், புடவையோடு நின்றார். நான் வாங்கவில்லை.

"தகரத்துக்குக் கீழ கெடக்குற ஆளுக்கு இதெல்லாம் தேவையாண்ணே?"

"ஒனக்கா குடுக்குறேன்? எம் மருமகளுக்கு. நீ தட்ட மட்டும் புடி, புள்ள. கை வலிக்குது."

நான் உள்ளே போய்விட்டேன். என் கணவர்தான் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார். அண்ணன் வெறும் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் ஹட் பே கப்பலுக்குப் போனார்.

ஸ்கூட்டர் வாங்கவே இல்லை. போன வருடம் ஒரு காலையில், ஏற்றத்தில் காய்கறிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். சைக்கிளால்தான் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் நானும் கேட்கவில்லை.

மகள் இப்போது ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. சாப்பிட்டாயா என்று தினமும் போனில் கேட்கிறேன்.

அண்ணனை ஜெட்டிவரை தூக்கிவந்த பக்கத்துக் கொட்டகைக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு இருந்தவர்களுக்கும், தவணைக்குப் பொறுத்த தஞ்சாவூர்க்காரருக்கும் எங்கள் நன்றி.

அண்ணிக்கும். காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அந்தத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். வெறும் தட்டுதான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.