மதகுக் கேமராவோடு தஞ்சாவூர் போய்வந்தேன்

எங்கள் வாய்க்கால் மதகில் ஒரு கேமராப் பெட்டி இருக்கிறது. தண்ணீர் வந்ததும் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பும். போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு படம் வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு முறைத் தண்ணீர். அந்த மழை ஒரு நாளோடு நின்று, நாற்றங்கால் வெடிப்பு விட்டிருந்தது. இந்த முறை தவறினால் நாற்று கருகிவிடும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. என் மனைவி கண்ணம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள்தான். அவளைத் தனியே விட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி மதகடியில் நாளெல்லாம் காத்திருக்க முடியாது.

வியாழனன்று மட்டும் என் தங்கை அவளோடு இருந்தாள். பெட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு காலை 6.50க்கு வலங்கைமானில் கும்பகோணம் பஸ் ஏறினேன். பத்து கிலோமீட்டர், பத்து ரூபாய். கும்பகோணத்தில் தஞ்சாவூர் பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன். எழுத்துப் படிக்கத் தெரியாததால், போன வருஷம் வரை யாரையாவது கேட்டுத்தான் ஏறுவேன். அந்தச் சந்தோஷத்தில் வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம்.

பெட்டியைச் செய்தவர் நிவேதா. முப்பது வயதிருக்கும். புதிய பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் தூரத்தில், ஒரு மாடி அறையில் வேலை செய்கிறார். பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். அதற்கும் கேமரா சென்சாருக்கும் நடுவில் பேசுகிற நிரலுக்கு டிரைவர் என்று பேர். அதைப் போன வாரம்தான் இவர் புதிதாக மாற்றி, போன் சிக்னல் வழியாகவே எல்லாப் பெட்டிக்கும் அனுப்பியிருந்தார்.

“கம்ப்யூட்டர் நல்லா இருக்குங்கய்யா. டிரைவர் கூப்பிடுது, சென்சார் பதில் சொல்ல மாட்டேங்குது” என்றார்.

“எங்க வீட்டுலயும் அப்பப்ப அப்படித்தாம்மா.”

சிரித்தார். ஆனால் போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. கரண்ட் கொடுத்ததும் டிரைவர் அவசரப்பட்டுக் கூப்பிடுகிறதோ என்று காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார். வேறு கேமராவை மாட்டினார். அதற்கும் பதில் இல்லை. மணி பன்னிரண்டாகிவிட்டது.

“அப்ப தப்பு என் டிரைவர்லதான். இன்னும் பதினோரு ஊருக்கு இதையே அனுப்பியிருக்கேன். எல்லாரையும் கழட்டச் சொல்லிடுறேன்” என்று போனை எடுத்தார்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அம்மா, அது மழையில நனைஞ்சுது. நான் தொறந்து நெல்லு மூட்டைக்குள்ள ரெண்டு நாள் வச்சிருந்தேன்.”

“நெல்லுலயா?”

“நனைஞ்ச போனை அரிசியில போடுறாங்கல்ல. நெல்லு இன்னும் சூடாச்சேன்னு பாத்தேன்.”

போனைக் கீழே வைத்தார். கேமராவின் பட்டை வயர் போர்டில் செருகும் வாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் காட்டினார்: ஒரு துணுக்கு உமி. வயர் படிய விடாமல் அதுதான் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. தூசியைத் துடைத்து மாட்டியதும் திரையில் என் முகம் வந்தது.

“ஐயா, இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?”

“திட்டுவீங்கன்னு பயந்துட்டேம்மா.”

“இப்ப மட்டும் விட்டுடுவேனாக்கும்” என்றவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று மாலையே பெட்டியை மதகில் மாட்டினேன். வெள்ளி காலை 9.40க்குப் போனில் படம் வந்தது. கலங்கல் தண்ணீர். கண்ணம்மா எட்டிப் பார்த்து, “போயி மதகுப் பலகையைத் தூக்குங்க. நான் எங்க ஓடிடப் போறேன்” என்றாள். பதினொன்றுக்கெல்லாம் நாற்றங்கால் நனைந்துவிட்டது.

இதை எழுத நாலு நாள் ஆயிற்று. உங்களில் யாராவது இப்படிப் பெட்டியோடு போவதாக இருந்தால் காலை பஸ்ஸிலேயே போங்கள், ஒரு மணிக்கு அந்த மாடியில் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். நனைந்த பெட்டியை நெல்லில் வைக்காதீர்கள். வைத்திருந்தால் உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். நான் வாய் திறக்காததால், தப்பே செய்யாத ஒரு பெண் இரண்டரை மணி நேரம் தன் வேலையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.