பந்தல்காரனுக்கு ஒரு பாலிசி

எண்பதுகளின் நடுவில் அரியலூரில் எனக்குப் பந்தல், பாத்திரம், விளக்கு வாடகைக்கு விடும் கடை இருந்தது. கடைக்குத் தீ விபத்து பாலிசி உண்டு. கடன் கொடுத்தபோது பேங்கிலேயே அதை எடுக்க வைத்தார்கள். அதற்கு மேல் இன்னொன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. தோன்ற வைத்தவர் என் தங்கையின் கணவர். அவர் பெரம்பலூரில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவர், கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

“மச்சான், கடை எரிஞ்சா கம்பெனி குடுக்கும். சரி. உங்க பந்தல் விழுந்து எவனுக்காவது மண்ட ஒடஞ்சா யாரு குடுப்பா?”

“என் பந்தல் விழாது மாப்ள. மொதல்ல அண்டாவ வுட்டு எறங்குங்க, நசுங்கிடும்.”

“விழாதுதான். விழுந்துட்டா?”

அவர் விளக்கியது நியாயமாகத்தான் பட்டது. தீ பாலிசி என் பொருளுக்கு. இது என் தொழிலால் வெளியாருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும். விருந்துக்கு வந்தவர் அடிபட்டு, தவறு என் பக்கம் என்று ஆனால், அவருக்குத் தர வேண்டிய நஷ்ட ஈட்டையும் வழக்குச் செலவையும் கம்பெனி ஏற்கும். அதற்காக நான் கடையை விற்க வேண்டியதில்லை. என் கூலியாட்களுக்கு அடிபட்டால் அது வேறு பாலிசி என்றும் பிரித்துச் சொன்னார். நான் எதையும் இரண்டு தடவை கேட்கிறவன். இரண்டு தடவையும் மாறாமல் சொன்னார். எடுத்துக்கொண்டேன்.

பாலிசி ஆங்கிலத்தில் வந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. அவை என்ன என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் அதே நிபந்தனதான் மச்சான். நான் இருக்கேன்ல?” என்றார். அந்த இடத்தில் மட்டும் நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அடுத்த வைகாசியில் வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். தெருமுனையில் மூங்கிலும் துணியுமாக ஒரு வளைவு கட்டினோம். வளைவு சாயாமலிருக்க நாலு பக்கமும் கயிறு இழுத்து முளையடிப்போம். ஒரு மூலையில் தரை பாறையாக இருந்ததால் முளை இறங்கவில்லை. என் ஆள் பக்கத்தில் நின்ற டிராக்டர் டிரெய்லரில் கயிற்றைக் கட்டிவிட்டான். பெண் வீட்டு டிராக்டர்தான். விருந்து முடியும்வரை அது நகராது என்று அந்த வீட்டாரே சொல்லியிருந்தார்கள். மாதா கோயிலிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பும் நேரத்தில், தண்ணீர் டிரம் ஏற்றிவர அந்த வீட்டுப் பையன் ஒருவன் கயிற்றைப் பார்க்காமல் டிராக்டரை எடுத்தான். வளைவு அப்படியே தெருவில் படுத்தது. பெண்ணின் பெரியப்பா அடியில் மாட்டிக்கொண்டார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. நம் வேலையில் யாருக்காவது அடிபட்டால், தாமதிக்காமல் அவர் வீட்டுக்குப் போய்ப் பழம் வைத்து, “எம் பொறுப்பு” என்று சொல்ல வேண்டும். குற்றம் யாருடையது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். போகாதவனுக்கு அந்தப் பக்கத்தில் அடுத்த முகூர்த்தம் கிடையாது. ஆனாலும் பாலிசி இருக்கிறதே என்று, முதலில் பெரம்பலூருக்குப் போய்த் தங்கையின் கணவரிடம் கேட்டேன்.

“போகலாமா மாப்ள?”

“இதென்ன கேள்வி? மனுசன் அடிபட்டுக் கெடக்குறாரு. போயி ஒரு வார்த்த சொன்னாத்தான் கேஸு கீஸுன்னு கெளம்ப மாட்டாங்க. வாங்க, நானும் வரேன்.”

போனோம். வாத்தியார் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். “கல்யாண வளைவுக்கு அடியில பூந்து பாத்தது எங்க குடும்பத்துல நாந்தான் மொத ஆளு” என்று சிரிக்கவும் செய்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. நான் பழத்தையும் ஹார்லிக்ஸையும் வைத்துவிட்டுச் சொன்னேன்: “தப்பு எங்க ஆளுதுதாங்க சார். எல்லாம் எம் பொறுப்பு.”

“இன்னிக்கி சொல்லுவீங்க. நாளைக்கி ஆபரேஷன் அது இதுன்னா யாரப் போயி கேக்குறது?” என்றார் அந்த அம்மா.

நான் வாய் திறக்குமுன் எங்கள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “மச்சான் பேருல பாலிசி இருக்குதுங்கம்மா. கம்பெனி பாத்துக்கும். நான் இருக்கேன்.” அந்த அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினோம்.

எலும்பு சரியாகக் கூடவில்லை. தஞ்சாவூரில் ஆபரேஷன் என்று ஆயிற்று. பணம் கேட்டு எழுதியதற்குக் கம்பெனியின் திருச்சி ஆபீசிலிருந்து பதில் வராததால் நானே நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையானவர். பாலிசியின் பின்பக்கத்தை எனக்குத் தமிழில் சொன்னார்: கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தவற்றை ஒப்புக்கொள்ளக் கூடாது, தருகிறேன் என்று வாக்கும் கொடுக்கக் கூடாது.

“டிராக்டர எடுத்தது அவங்க பையன். பாதித் தப்பு அவங்க பக்கம்னு நாங்க பேசியிருப்போம். நீங்க முழுசையும் ஏத்துக்கிட்டு வந்துட்டீங்க. இனிமே நாங்க என்னத்தப் பேசுறது?”

“எங்க மாப்பிள்ளதான் சார் போகச் சொன்னாரு. கூடவே வந்தாரு.”

அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். “அவரு வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்காருங்க. போகக் கூடாதுன்னு தடுத்தும் நீங்க கேக்காம போனீங்கன்னு.”

கம்பெனி மறுத்ததை நான் தாங்கிக்கொண்டேன். ‘தடுத்தும்’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்த மனிதர் அதை எழுதியிருக்கிறார்.

பெரம்பலூரில் இறங்கி நேரே அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

“நீங்க என்னத் தடுத்தீங்களா மாப்ள?”

“பின்ன என்ன எழுதச் சொல்றீங்க? நாந்தான் கூட்டிட்டுப் போனேன்னா? அப்பவே ஏஜென்சிய புடுங்கியிருப்பான். உங்களுக்குக் கடை இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான். உங்க தங்கச்சி சோறு திங்க வேணாமா?”

உள்ளே என் தங்கை, “யாருங்க வந்துருக்கிறது?” என்று கேட்டாள். நான் படியிறங்கி நடந்தேன்.

நான் நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கலாம். சாட்சிக்கு ஆள் இருந்தது. விஷயத்தைச் சொன்னபோது வாத்தியாரின் மனைவியே, “உங்க மாப்பிள்ளதான முன்னால நின்னு பேசுனாரு? எங்க வேணாலும் வந்து சொல்லுறேன்” என்றார். அப்படிச் சொன்னால் என் தங்கை வீட்டில் அடுப்பு எரியாது. வேண்டாம் என்றேன். கடையிலிருந்த ஜெனரேட்டரை விற்றுப் பணம் கட்டினேன். ஆபரேஷன் நடந்தது. வாத்தியார் சற்று விந்தினாலும் நடந்து பள்ளிக்கூடம் போனார். அந்த வீட்டில் நான் சொன்ன சொல் பொய்யாகவில்லை.

பாலிசியை நான் விடவில்லை. அது செய்கிறேன் என்று சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அடுத்த வருஷம் நானே திருச்சிக்குப் போய், நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டுப் புதுப்பித்தேன்.

தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. கூப்பிட வந்தவள், “தாய்மாமன் மடி இல்லாம எப்படிண்ணே? என் மூஞ்சிக்காவது வந்துடு” என்று அழுதாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. பந்தலும் என் செலவிலேயே போட்டேன். நான்கு மூலையிலும் முளையை நானே அடித்தேன்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“மச்சான், இன்னும் மனசுலயே வெச்சிருக்கீங்களா? சபையில ஒரு வார்த்த பேசுங்களேன். எல்லாரும் பாக்குறாங்க.”

“பேச மாட்டேன் மாப்ள. நான் என்ன பேசுனாலும் நீங்க வேற ஒண்ணு எழுதிக் குடுத்துருவீங்க.”

பக்கத்திலிருந்தவர்கள் ஏதோ மச்சான் மாப்பிள்ளை கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து போய்விட்டார். ஆசாரி, “புள்ள தலையக் கெட்டியா புடிச்சிக்குங்க” என்றார். பிடித்துக்கொண்டேன்.