லேட் என்கிற பரம்பரைப் பெயர்

பெயர்: ஜாவீத். குடும்பப் பெயர்: லேட். தந்தை பெயர்: காசிம். பாலினம்: ஆண்.

அரசாங்க அட்டை அவரை இப்படித்தான் சொன்னது. ஆண் என்பதில் தகராறு இல்லை. தந்தை காசிம் என்பதும் சரி. இடையில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல்தான் கடத்தூரில் அவரைத் தெரிந்தவர்களைச் சிரிக்க வைத்தது. ஜாவீத் பஸ் ஸ்டாண்டில் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பர். பொம்மிடி வண்டி ஆறு பத்துக்கு என்றால், ஆறு ஒன்பதுக்கே விசில் அவர் வாயில் இருக்கும். இன்னும் நாலு ஆள் ஏறட்டுமே என்று நிற்கிற வண்டியின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அதற்கு மேல் அந்த வண்டி நின்றதில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் வேலைக்குத் தாமதமாக வந்தது ஒரே ஒரு நாள், அப்பா காசிம் இறந்துபோன மறுநாள். அதுவும் இருபது நிமிஷம்.

அந்த அப்பா வழியாகத்தான் பெயர் வந்தது. ஆனால் அவர் இருந்தவரை வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. செத்துத்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

நம் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்றை யாரும் தேடியதில்லை. அப்பாவை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் நிறுத்திவிட்டால் வம்சம் விளங்கிவிடும். விண்ணப்பத்துக்கு அது போதாது. அதில் ஒரு கட்டம் இருக்கிறது, கட்டம் என்று இருந்தால் காலியாக இருக்கக் கூடாது. ஜாவீத் வெள்ளைத் தாளில் மரியாதையாக எழுதிக் கொடுத்தது: 'ஜாவீத், த/பெ லேட் காசிம்.' காலமானவரை அப்படி எழுதுவதுதானே வழக்கம். கம்ப்யூட்டர் சென்டரில் தட்டியவர் காசிமைத் தந்தைக் கட்டத்தில் உட்கார வைத்தார். ஒரு சொல் மிச்சம் இருந்தது. ஒரு கட்டமும் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான் அந்தப் பெயரின் சரித்திரம்.

அதன்பின் மனைவி ஷகிலா லேட், மகன் முதசிர் லேட், மகள் அஃப்சானா லேட் என்று குடும்பம் தழைத்தது. பொம்மிடி வண்டி டிரைவர் ஜெயபால் தினமும் ஒரு தடவையாவது கேட்பார்: "என்னங்க லேட் பாய், வண்டிய எடுக்கலாமுங்களா?"

"நீ எடுத்திருக்கோணும். பேச்சுல அரை நிமிசம் போயிருச்சு," என்று தட்டுவார் ஜாவீத்.

தருமபுரியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அஃப்சானா, பெயர்களின் தோற்றமும் பொருளும் சொல்கிற ஒரு தளத்தில் இதைத் தேடினாள்.

"அப்பா, நம்ம முன்னோருங்க ஐரோப்பாவுல ஆத்தங்கரையில இருந்தாங்களாம்."

"எங்க தாத்தா மொரப்பூர தாண்டுனதே இல்லயே."

"ரொம்ப அபூர்வமான பேருன்னு போட்டிருக்குது. கோடியில ஒருத்தருக்குத்தானாம்."

"எங்க அபூர்வம்?" என்றாள் அடுப்படியிலிருந்து ஷகிலா. "இந்த ஒரு வூட்டுலயே நாலு பேரு இருக்கறோம்."

ஜாவீதுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரத்தை விற்றுச் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பெயர் நாள்பூரா முதுகில் ஒட்டிய தாள்போல் இருந்தது. எடுத்துவிடுவது என்று இறங்கினார். லேட் என்பது பெயர் அல்ல, அப்பா இறந்ததைக் குறிக்கும் சொல் என்று நிரூபித்தால் போதும் என்றார்கள் தாலுகா ஆபீசில். காசிமின் இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோனார்.

"இதுல வெறும் காசிம்னு இருக்குதுங்க. உங்க குடும்பப் பேரு லேட்டு. இது வேற யாரோ காசிம்," என்றார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

"செத்ததுனாலதானுங்க லேட்டு."

"அப்படிப் பாத்தா லேட் காசிம் லேட்னு இல்ல இருக்கோணும்?"

அதற்குப் பதில் தேடி நாலு வருஷம் போயிற்று. அதற்குள் முதசிர் ஏசி மெக்கானிக்காகச் சவூதியில் தம்மாமுக்குப் போய்விட்டான். அவனுடைய பாஸ்போர்ட்டில் அவனும் லேட், தந்தை ஜாவீதும் லேட். "இங்க எல்லாரும் மிஸ்டர் லேட்னு மரியாதயா கூப்புடறாங்கப்பா. ஊருக்கு வந்து மாத்திக்கறேன்," என்று போனில் சிரித்தான்.

போன பங்குனியில் திருத்திய அட்டை வந்தது. கா. ஜாவீத். ஜெயபாலிலிருந்து பூ விற்கிற குள்ளம்மாள் வரை எல்லோருக்கும் டீ சொன்னார். பழைய அட்டையை அடுப்பில் போட்டுவிடச் சொல்லி ஷகிலாவிடம் கொடுத்தார்.

ஆடியில் ஒரு மதியம் தம்மாமிலிருந்து முதசிரின் அறைத்தோழன் கூப்பிட்டான். இரவு டூட்டி முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வயது.

ஜாவீத் ஒன்றே ஒன்று கேட்டார்: "எப்ப அடக்கம்?"

அவர்கள் வழக்கத்தில் காலையில் இறந்தவர் மாலைக்குள் மண்ணில் இருக்க வேண்டும். காக்க வைப்பது மையத்துக்கு, இறந்த உடலுக்கு, செய்கிற அவமரியாதை. ஊருக்குக் கொண்டுவர மாதம் ஒன்று ஆகலாம் என்றார்கள். ஷகிலாதான் முடிவு சொன்னாள்: "அங்கயே வெச்சிரச் சொல்லுங்க. எம்புள்ளய பொட்டியில காக்க வெக்காதீங்க."

அங்கேயே அடக்கம் செய்யத் தந்தையின் சம்மதக் கடிதம் வேண்டும். அன்றே அனுப்பினார். இரண்டாம் நாள் திரும்பி வந்தது. இறந்தவரின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ஜாவீத் லேட். கையெழுத்திட்டிருப்பவர் கா. ஜாவீத். இவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் ஒருவரே என்று சான்று வாங்க மறுபடியும் தாலுகா ஆபீசுக்கு அலைந்தார். "பதினஞ்சு நாளாவுமுங்க பாய், முன்னப்பின்ன ஆவும்," என்றார்கள். வண்டிகளைப் பதினைந்து விநாடி நிற்க விடாதவர் அந்த வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள், வக்கீல் மாதவராஜ் தன் ஆபீசில் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "பேரு மாத்தின விசயத்தயே எடுக்காதீங்க. பழைய அட்டை, அதோட ஒரு அபிடவிட். லேட்டுங்கறது எங்க பரம்பரைப் பேருன்னு நீங்க சத்தியம் பண்ணிக் குடுத்தா, இன்னைக்கே அனுப்பிரலாம்."

"பொய்ச் சத்தியமுங்களே."

"நாலு வருசம் உண்மயச் சொல்லிப் பாத்தீங்களே, பாய்."

ஜாவீத் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "பழைய அட்டை இல்லீங்க. எரிச்சாச்சு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷகிலா பர்ஸைத் திறந்தாள். "எரிக்கல," என்றாள், யாரையும் பார்க்காமல். "அந்த போட்டோவுல நல்லா இருந்தீங்க."

டைப் அடிக்கும் யுவராணி பாதியில் நிமிர்ந்தாள். "இங்க 'பரம்பரையாக'ன்னு வருதுங்க. எத்தன தலைமுறைன்னு போடட்டுங்க?"

காசிம். தான். முதசிர்.

"மூணு," என்றார் ஜாவீத்.

அவள் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். 'எனது மகன் லேட் முதசிர் லேட் அவர்களின்...'

"லேட்டு ரெண்டு தடவ விழுந்திருச்சுங்க பாய். ஒண்ண எடுத்துரட்டுங்களா?"

"இருக்கட்டும் தாயி. ஒண்ணு அவம் பேரு."

அவள் எது எது என்று கேட்கவில்லை.

அந்தத் தாள் போய்ச் சேர்ந்த பிறகு, ஆறாம் நாள் மாலை அஸர் தொழுகை முடிந்து, முகம் தெரியாத பத்துப் பதினைந்து பேர் முதசிரை அங்கே அடக்கம் செய்தார்கள். வழக்கத்துக்கு ஐந்து நாள் பிந்தி. திருத்திய அட்டை இப்போதும் செல்லும், அதை ஜாவீத் வெளியே எடுப்பதில்லை. காலை வண்டி இப்போதும் ஆறு பத்துக்குத்தான் புறப்படுகிறது. ஜெயபால் ஒன்றும் கேட்பதில்லை.

நான்கு வருஷம் அலைந்து தொலைத்த பெயரைத் தன் பரம்பரைப் பெயர் என்று சத்தியம் செய்து, அன்று வக்கீல் ஆபீசில் அந்தத் தாளில் மூன்று இடத்தில் ஜாவீத் லேட் என்று கையெழுத்துப் போட்டார்.