மாடு பார்க்க வந்த தம்பிகள்

மனைவிக்கு ஸ்கேன் எடுக்கப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். மீனாட்சிபுரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். முறுக்கிய நரைமீசை. பேசும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டுவார். எதிரே, அவருடைய மூக்கை அப்படியே உரித்து வைத்தாற்போல மூன்று தம்பிகள் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனுங்க, தம்பிங்க கோவமா இருக்காங்க?” என்றேன்.

“மாடு பாக்கப் போலாம், வெறும் வவுத்தோட வாங்கடா, அங்க பிரியாணின்னு கூட்டியாந்தேனுங்க. ஸ்கேன்னா வருவானுங்களா?”

போன வருடம் அவர் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் பலூன் போல வீங்க, வெடிப்பதற்குள் ஆபரேஷன் செய்தார்களாம்.

“குடும்பத்துல வருமாம், கூடப் பொறந்தவங்களையும் பாக்கோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. எங்கப்பனும் வவுத்து வலின்னு படுத்தவரு, எந்திரிக்கவே இல்லைங்க.”

ஸ்கேனில் இரண்டு தம்பிகளுக்கு ஒன்றுமில்லை; கடைசித் தம்பிக்கு மட்டும் சின்ன வீக்கம் இருந்தது. பீடியை விட்டுவிட்டு அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் போதும், இப்போது பயமில்லை என்றார் டாக்டர்.

வெளியே வந்த தம்பி, “பிரியாணி எங்கண்ணா?” என்றார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பியின் பீடிக்கட்டைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு அண்ணந்தம்பி இருக்காங்களா?”

“இல்லைங்க, நான் ஒரே பையன்.”

“அப்ப எங்ககூடச் சாப்பிட வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தார்.

ஸ்கேன் முடிந்து வந்த மனைவி, “யாரு இவங்கெல்லாம்?” என்றாள்.

“சொந்தந்தானுங்க அம்மிணி” என்று அவரே முந்திக்கொண்டார்.

வயிறாரச் சாப்பிட்டோம். அவர் பெயரைக் கேட்க மறந்துபோனது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.