பூனைக்கு ஒரு விலாசம்

"...அப்ப பூனைக்குமாண்ணே பேர் போடுறாங்க? முழுப் பேரா, அரைப் பேரா?"

இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டிய தன் லயத்து வாசலில் நின்று என் தங்கை மலர் இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அடுத்த காம்பராக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: அவுஸ்திரேலியாவில் நான் பிழைக்கப் போயிருக்கும் சின்ன ஊரில், பூனை வளர்க்கிறவர்கள் கவுன்சிலில் அதன் பேரைப் பதிந்தே ஆகவேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் கதையே வேறு. கொழுந்து நிறை சரியாக வந்தால் அன்றைக்கு ஒரு பேர், முழுச் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். நாளெல்லாம் மழையில் நனைந்தும் அரைப் பேரோடு மலையிறங்கியவள் மலர். பூனை எத்தனை கிலோ எடுத்துக் கொடுக்கும் என்று அவள் யோசித்ததில் என்ன பிழை?

என் பூனையை நான் தேடிப் போகவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தால் என் வாடகை வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும். மிச்சச் சோற்றில் கருவாட்டைப் பிசைந்து வைப்பேன். ஒருநாள் கவுன்சில் ஆள் வந்து கதவைத் தட்டினார். ரேஞ்சர் என்பார்கள், காக்கி உடுப்பு, மரியாதையான பேச்சு. இது யாருடைய பூனை என்று கேட்டார். யாருடையதும் இல்லை, வரும் போகும் என்றேன். சாப்பாடு யார் போடுகிறார்கள் என்றார். நான்தான், வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடாமல் எப்படி என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அப்படியானால் நீங்கள்தான் சொந்தக்காரர் என்றார். பூனையின் பேரைக் கேட்டார். அந்த அவசரத்தில் 'பூனை' என்றேன். அவர் அதையே எழுதிக்கொண்டார். இன்றைக்கும் அதன் கழுத்துத் தகட்டில் 'பூனாய்' என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே என் வீட்டு இலக்கம், தெரு.

சட்டம் அதோடு நிற்கவில்லை. தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு சிப் வைக்கவேண்டும். குட்டி போடாமல் அறுவை செய்யவேண்டும். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் அடைக்கவேண்டும், பறவைகளைப் பிடித்துவிடுமாம். எங்கள் லயத்தில் பூனைக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்ததே கிடையாது. ஒரு காம்பராவில் ரொட்டி தின்னும், இன்னொன்றின் விறகுக்குள் குட்டி போடும், எலி பிடிப்பது மட்டும் எல்லோருக்கும் பொது. அது மேட்டு லயத்துக்குப் போய்விட்டால், "கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சு" என்பார்கள். ஆனால் என் பூனாய் ஒருதடவை காணாமல் போனபோது, மூன்று தெரு தள்ளியிருந்த யாரோ ஒரு பெண் தகட்டைப் படித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் என் வாசலில் கொண்டுவந்து விட்டாள். நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் வயிறு எரிந்தது.

ஏன் எரியாது? என் தங்கைக்கு விலாசம் இல்லை, ஐயா! பேர், லயம், தோட்டம் என்று எழுதினால் எல்லாத் தபாலும் தோட்டத்து ஆபீசில் போய் விழும். யாருக்கு எப்போது கொடுப்பது என்பது தொரை என்கிற மேனேஜர், கிளாக்கர் இவர்கள் இஷ்டம். தபால்காரர் லயத்துப் படியேறி நான் பார்த்ததில்லை. போன வருசம் மலரின் மகள் தர்ஷினிக்குத் தாதிப் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு வந்தது. கடிதம் கைக்குக் கிடைத்தபோது தேர்வு முடிந்துவிட்டிருந்தது. பிள்ளை அழுதுவிட்டு மறுபடியும் விண்ணப்பித்தாள். இந்தமுறை டவுனில் ரோட்டோர வீட்டில் இருக்கும் அவளுடைய கூட்டாளிக்குக் கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை கண்டியில் தேர்வு. போனில் விசாரித்தால் உனக்கும் அனுப்பியாகிவிட்டது, கடிதத்தோடு வா, இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். மலர் பூனைப் பேரைக் கேட்டுச் சிரித்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சிரித்து முடித்த கையோடு மலர் குடையை எடுத்தாள். "வாங்கண்ணே, ஆபீசுக்குப் போயிட்டு வருவோம். வெளிநாட்டு ஆளைப் பார்த்தாவது குடுக்குறாங்களான்னு பார்ப்போம்."

கிளாக்கர் எங்கள் ஆள்தான், தமிழர்தான். மலர் கடிதத்தைக் கேட்டதும், "தொரை மலைக்குப் போயிருக்காரு. வந்துதான் தபாலைப் பிரிக்கணும். திங்கக்கிழமை வாம்மா" என்றார்.

"திங்கக்கிழமதாங்கய்யா இன்டர்வியூவே."

"அதுக்கு நான் என்ன பண்றது? சட்டம்னு ஒன்னு இருக்குல்ல?"

பிறகுதான் என் சப்பாத்தையும் கோட்டையும் கவனித்தார். முகம் மாறிவிட்டது. "அண்ணன் ஒஸ்ட்ரேலியாவா? அடடா, வெளிய நிக்கிறீங்களே! உள்ள வாங்க, கதிரையில இருங்க, பிளேன்டீ குடிப்போம்" என்று எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த நீள மேசையின் தூக்குப்பலகையைத் தூக்கிப் பிடித்தார். சின்ன வயதில் அப்பாவோடு எத்தனையோ தடவை அந்தப் பலகைக்கு வெளியே நின்றிருக்கிறேன். அதைத் தாண்டி லயத்து ஆட்கள் யாரும் போனதில்லை. உள்ளே மூலையில் வாய்கட்டாத தபால் சாக்கு கிடந்தது. என் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"ஏங்கய்யா, அங்க பூனைக்கு விலாசம் இருக்கு. எங்களுக்கு இல்லியா?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. "பூனையா? எந்தப் பூனை?" என்று சிரித்தார்.

மலர் சிரிக்கவில்லை. குடையைச் சுவரில் சாத்தினாள். எனக்காகத் தூக்கிய பலகைக்குக் கீழே, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "ஏய், ஏய்!" என்ற கிளாக்கரின் சத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சாக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் கொட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கடிதமாக எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள்.